பாஷ், இசட்-ஷெல், ஃபிஷ்: உங்கள் டெர்மினலுக்கு எது ஒத்துவரும்?

சாரல் தொடங்கிய வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் புளியரைத் தம்பி. புனலூரில் ஒரு சின்ன நிறுவனத்துக்கு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் இரண்டு நாள் செங்கோட்டை–புனலூர் ரயிலில் போய்வருவார். இன்னொருவர் தென்காசியில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் பெண், எங்கள் தெருதான். "அண்ணே, சீனியர்ஸ் எல்லாம் இசட்-ஷெல் போடச் சொல்றாங்க. வீடியோவுல பார்த்தா ஃபிஷ்தான் நல்லா இருக்குங்கிறாங்க. நான் எதைப் போட?" என்று கேட்டார்.

இருவருக்கும் வெவ்வேறு பதில் சொன்னேன். பிறகு அவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பார்த்துவிட்டு, ஏன் ஆளுக்கொரு பதில் என்று திரும்பவும் வந்தார்கள். காரணத்தை விரிவாக எழுதினால் இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

டெர்மினல் என்பது கறுப்புத் திரை. அதற்குள் உட்கார்ந்து நாம் தட்டும் கட்டளையை வாங்கி வேலை செய்விப்பது ஷெல். பாஷ், இசட்-ஷெல், ஃபிஷ் மூன்றும் ஷெல்கள்தான். நமக்கேற்றபடி அதை மாற்றும் வரிகள் எல்லாம் ஹோம் ஃபோல்டரில், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளில் இருக்கின்றன. டாட்ஃபைல் என்பது அவற்றைத்தான்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கணினியில் தட்டச்சு செய்கிறீர்கள் என்பது. நாள் முழுக்க உங்கள் லேப்டாப்பிலா, அல்லது தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக அடுத்தவர் சர்வர்களிலா? அடுத்தவர் சர்வரில் நம் விருப்பத்துக்கு எதையும் நிறுவ முடியாது. நிறுவவும் கூடாது.

அடுத்தது இணையம். நம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் கரன்ட் போனால் கூடவே வீட்டு இணைப்பும் போகும். மலை தாண்டினால் போன் கேரள வட்டத்துக்கு மாறும். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் உள்ள நீளமான குகைக்குள் ரயில் போனால் சிக்னலே இருக்காது. திறக்கும்போதே இணையத்தில் எதையாவது தேடும் ஷெல் இந்த ஊரில் தொல்லைதான்.

மூன்றாவது, திறக்கும் வேகம். ஷெல்லைத் திறந்த கையோடு மூடச் சொல்லி, டைம் கட்டளையால் அளந்து பார்க்கலாம். 0.1 நொடிக்குள் முடிந்தால் கைக்குத் தெரியாது. அரை நொடி தாண்டினால், ஒரு நாளில் ஐம்பது முறை திறப்பவருக்கு எரிச்சல் வரும்.

நான்காவது, இணையத்தில் கிடைக்கும் கட்டளையை எடுத்து ஒட்டினால் மாற்றமில்லாமல் ஓடுமா என்பது.

ஐந்தாவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ஒரு வருடம் கழித்து உங்கள் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உங்களுக்கே தெரியுமா? ஷெல்லை அமைக்க ஒரு மாலை போதும். அதன்பின் வருடக்கணக்கில் அதைப் பராமரிக்க வேண்டும். யாருமே கணக்கில் சேர்க்காத செலவு இதுதான்.

நமக்கென்று இன்னொன்றும் உண்டு. கோப்புகளின் பெயர் தமிழிலோ மலையாளத்திலோ இருந்தால் திரையில் ஒழுங்காகத் தெரியுமா?

## பாஷ்: இருப்பதையே சீர்செய்தல்

குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்தது பாஷ். உபுண்டு, டெபியன் உட்பட பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் பயனருக்குக் கிடைக்கும் ஷெல் இதுதான். அதனால் கையில் பழகிய எல்லாம் எங்கே போனாலும் கூடவே வரும்.

பாஷ் பழசு, வசதி இல்லாதது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் பலர் அதை ஒருமுறைகூட சீர்செய்து பார்த்ததில்லை. பாஷ்ஷின் அமைப்புக் கோப்பு பாஷ்ஆர்சி. உபுண்டுவின் ஆரம்ப பாஷ்ஆர்சியில், தட்டிய கட்டளைகளின் வரலாறு நினைவில் 1000 வரி, கோப்பில் 2000 வரி என்று அளவு வைத்திருக்கிறது. அதை ஒரு லட்சமாக்குங்கள். அப்புறம் இன்புட்ஆர்சி என்ற கோப்பில் இரண்டு வரி சேர்த்தால், கட்டளையின் முதல் சில எழுத்தைத் தட்டி மேல் அம்பை அழுத்தியதும் அந்த எழுத்துகளில் தொடங்கும் பழைய கட்டளைகள் மட்டும் வரும். எஃப்இசட்எஃப் என்ற சின்ன நிரலைச் சேர்த்துவிட்டால் கன்ட்ரோல்-ஆர் அழுத்தி வரலாறு முழுவதையும் தேடலாம். இந்த மூன்றே மாற்றத்தில் பாஷ் வேறு ஆளாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதிலும் உண்டு. உள்நுழையும்போது திறக்கும் ஷெல் பாஷ்-புரொஃபைல் கோப்பைப் படிக்கும். சாதாரணமாகத் திறக்கும் ஷெல் பாஷ்ஆர்சியைப் படிக்கும். இது தெரியாமல், எழுதிய வரி ஏன் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். புரொஃபைல் கோப்பிலிருந்தே பாஷ்ஆர்சியை அழைத்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இன்னொன்று நானே பட்டது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஒரு குறள் வரட்டும் என்று, ஒரு சர்வரின் பாஷ்ஆர்சியில் முதல் வரியாக எழுதி வைத்தேன். அன்றிரவே அந்த சர்வருக்குப் போகவேண்டிய பேக்கப் நின்றுபோனது. காரணம் இதுதான்: கோப்பு அனுப்பும் நிரல்கள் மறுமுனையில் ஒரு ஷெல்லைத் திறந்து, அதன் வழியே தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சின் நடுவே குறள் போய் விழுந்ததும் அவற்றுக்குப் புரியாமல் போய்விட்டது. உபுண்டு கோப்பின் தலைப்பகுதியில், ஆள் உட்கார்ந்து தட்டாத ஷெல் என்றால் இங்கேயே திரும்பிப் போ என்று ஒரு சோதனை இருக்கும். திரையில் எதையாவது அச்சிடும் வரி எதுவானாலும் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் உள்ள பாஷ் 2007 காலத்து 3.2 பதிப்பு. அதற்குப் பிந்தைய பதிப்புகளின் உரிமம் மாறியதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கில் புதுப் பயனருக்குக் கிடைப்பது இசட்-ஷெல்தான்.

## ஓ-மை-இசட்-ஷெல்: எல்லாம் சேர்ந்த மூட்டை

இசட்-ஷெல்லை 1990-இல் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டட் எழுதினார். அதன் மேல் 2009-இல் ராபி ரஸ்ஸல் தொடங்கிய தொகுப்பு ஓ-மை-இசட்-ஷெல். கூடுதல் வசதி தரும் ப்ளகின்கள் 300-க்கு மேல், தோற்றத்தை மாற்றும் தீம்கள் 100-க்கு மேல். ஒரே வரியை ஒட்டினால் நிறுவிவிடும். பத்து நிமிடத்தில் அழகான டெர்மினல் வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. புதிதாக வருபவருக்கு ஷெல்லில் என்னென்ன முடியும் என்று காட்டிக்கொடுக்கும் நல்ல கண்காட்சியும் கூட.

ஆனால் கண்காட்சியிலேயே குடியிருக்க முடியாது. நான் மூன்று வருடம் இருந்தேன். இருபது ப்ளகின் வரை சேர்ந்தது, திறக்கும் நேரம் ஒரு நொடியைத் தாண்டியது, எந்த ப்ளகின் இழுக்கிறது என்று தெரியவில்லை. இசட்-ஷெல்லுக்குள்ளேயே எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் இசட்-ப்ராஃப் என்ற அளவி இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. புதுப்பிக்கவா என்று 13 நாளுக்கு ஒருமுறை கேட்பது இதன் இயல்பான அமைப்பு. அது நெட் திணறும் மாலையில்தான் கேட்கும். அந்தக் கேள்வியை நிறுத்தி வைக்க ஒரு வரி போதும், அதையும் யாராவது சொன்னால்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய செலவு கைப்பழக்கம். கிட் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் நிரல். இதன் கிட் ப்ளகினில் நூற்றுக்கு மேல் சுருக்கங்கள் இருக்கின்றன. ஜி-எஸ்-டி என்று மூன்றெழுத்து தட்டினால் கிட் ஸ்டேட்டஸ் வரும். ஆறு மாதத்தில் விரல் அதற்குப் பழகிவிடும். பிறகு சர்வரில் அதையே தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வரும். இரவு பதினொரு மணிக்குத் தளம் விழுந்து கிடக்கும்போது, விரல் ஒன்றைத் தட்ட மூளை இன்னொன்றைத் தேட வேண்டியிருக்கும். அந்தப் பதற்றம் யாருக்கும் வர வேண்டாம்.

## இசட்-ஷெல்: நம் கையால் எழுதியது

மூட்டை வேண்டாம், இசட்-ஷெல் மட்டும் போதும் என்றால் ஐம்பது அறுபது வரியில் கோப்பை நாமே எழுதிவிடலாம். இங்கே முதல் அதிர்ச்சி, ஒன்றும் எழுதாத வெறும் இசட்-ஷெல் வரலாற்றைக் கோப்பில் சேமிக்கவே சேமிக்காது என்பது. எந்தக் கோப்பில், எத்தனை வரி என்று நாம்தான் சொல்ல வேண்டும். டேப் அழுத்தினால் நிரப்பும் வசதியையும் நாமே துவக்கிவிட வேண்டும். அப்புறம் இரண்டே துணை நிரல்கள்: பழைய கட்டளையை மங்கலாக முன்னே காட்டும் ஆட்டோசஜஷன்ஸ், தப்பான கட்டளையைச் சிவப்பில் காட்டும் சின்டாக்ஸ் ஹைலைட்டிங். இரண்டும் உபுண்டு களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. தனியாக இணையத்திலிருந்து இழுக்க வேண்டாம். இரண்டாவதைக் கோப்பின் கடைசியில்தான் அழைக்க வேண்டும்.

பாஷ் கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஓடாத இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கேள்விக்குறி உள்ள இணைய முகவரியை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால் பொருந்தும் கோப்பு இல்லை என்று நின்றுவிடும். ஹேஷ் குறியோடு குறிப்பு எழுதிய கட்டளையை ஒட்டினால் குறிப்பையும் சேர்த்துக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் அமைப்பில் மாற்றலாம்.

தமிழ்ப் பெயர் விஷயமும் இங்கேதான் வருகிறது. அகலம் இல்லாத குறிகளை இசட்-ஷெல் இயல்பாகத் தனியே பிரித்துக் காட்டும். மெய்யெழுத்தின் புள்ளியும் ஈகாரக் குறியும் இந்த வகை. 'தீர்வு' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தால், தட்டும்போது நடுவில் அடைப்புக்குள் ஏதோ எண்கள் வந்து நிற்கும். கம்பைனிங் சார்ஸ் என்ற விருப்பத்தை இயக்கினால் எண்கள் போய்விடும். அதன் பிறகும் எழுத்துகள் சரியாக ஒட்டி நிற்குமா என்பது டெர்மினல் நிரலின் கையில் இருக்கிறது. பல டெர்மினல்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று கணக்குப் போடுவதால் நம் எழுத்து கட்டத்தை விட்டு வழியும், கர்சர் இடம் மாறி நிற்கும். அதனால் ஷெல்லை மாற்றும் முன் இரண்டு மூன்று டெர்மினல்களில் ஒரு தமிழ்ப் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

## ஃபிஷ்: எழுதாமலே கிடைப்பது

ஆக்சல் லில்யன்க்ரான்ட்ஸ் 2005-இல் வெளியிட்டது ஃபிஷ். 2025-இல் வந்த 4.0 பதிப்பில் சி-பிளஸ்-பிளஸிலிருந்து ரஸ்ட் மொழிக்கு மாறியிருக்கிறது. இசட்-ஷெல்லில் சேர்த்துச் சேர்த்துப் பெறும் பரிந்துரையும் வண்ணமும் இதில் நிறுவியதுமே இருக்கும். கட்டளைகளின் உதவிப் பக்கங்களைப் படித்து டேப் நிரப்பலைத் தானே உருவாக்கிக்கொள்ளும். நிறங்களை மாற்ற ஒரு கட்டளை கொடுத்தால் பிரவுசரிலேயே பக்கம் திறக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் அப்ரிவியேஷன் வசதி. சுருக்கத்தைத் தட்டி ஸ்பேஸ் அழுத்தியதும் முழுக் கட்டளையாக விரிந்துவிடும். கண் முழுக் கட்டளையைப் பார்க்கும், வரலாற்றிலும் முழுசாகவே பதியும். மேலே சொன்ன ஜி-எஸ்-டி சிக்கல் இங்கே பாதியாகக் குறைகிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

செலவு என்னவென்றால், ஃபிஷ்ஷின் மொழி தனி. பாஷ்ஷில் எழுதும் லூப், நிபந்தனை எல்லாம் இதில் வேறு மாதிரி எழுத வேண்டும். பல வரி உரையை அப்படியே உள்ளே கொடுக்கும் ஹியர்-டாக் முறை கிடையாது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் நிரலின் பதிப்புகளை மாற்ற உதவும் என்விஎம் போன்றவை நேராக ஓடாது, வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் ஃபிஷ் போட்டால், கட்டளைகளைக் கோப்பில் எழுதி வைத்த என் பழைய ஸ்கிரிப்ட் எல்லாம் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருக்கும் ஸ்கிரிப்டை பாஷ்தான் ஓட்டும்.

இன்னொரு செலவு தாமதமாகத்தான் தெரியும். ஃபிஷ்ஷில் யுனிவர்சல் மாறிகள் என்று ஒரு வகை உண்டு. ஒருமுறை தட்டினால் என்றைக்கும் நினைவில் இருக்கும். அவை நாம் எழுதும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் இருக்காது, ஃபிஷ் தானே வைத்துக்கொள்ளும் வேறொரு கோப்பில் சேரும். புதுக் கணினிக்குக் கான்ஃபிக்கை மட்டும் எடுத்துப்போனால் பாதி அமைப்பு வராது. வேண்டியதைக் கான்ஃபிக் கோப்பிலேயே எழுதுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பாஷ் | ஓ-மை-இசட்-ஷெல் | கையால் இசட்-ஷெல் | ஃபிஷ் |
|---|---|---|---|---|
| அமைக்கும் நேரம் | ஒரு மணி | பத்து நிமிடம் | ஒரு மாலை | பத்து நிமிடம் |
| அடுத்தவர் சர்வரில் | அப்படியே உண்டு | அநேகமாக இருக்காது | அநேகமாக இருக்காது | அநேகமாக இருக்காது |
| திறக்கும் வேகம் | வேகம் | ப்ளகினைப் பொறுத்தது | வேகம் | வேகம் |
| நெட் இல்லாதபோது | கவலையில்லை | புதுப்பிப்பை நிறுத்தினால் சரி | கவலையில்லை | கவலையில்லை |
| ஒட்டிய கட்டளை | ஓடும் | பெரும்பாலும் ஓடும் | பெரும்பாலும் ஓடும் | எளியவை ஓடும் |
| ஒரு வருடம் கழித்து | புரியும் | புரியாது | நீங்கள் எழுதியது, புரியும் | எழுதியதே கொஞ்சம் |

ப்ராம்ப்ட், அதாவது நாம் தட்டும் இடத்துக்கு முன்னால் தெரியும் வரி, அதன் அழகுக்காக மட்டும் ஷெல்லை மாற்ற நினைப்பவர்கள் நில்லுங்கள். ஸ்டார்ஷிப் என்ற நிரல் மூன்று ஷெல்லிலும் ஒரே ப்ராம்ப்டைக் கொடுக்கும், ஒரே அமைப்புக் கோப்பு. அதன் சின்னங்கள் தெரிய நெர்ட் ஃபான்ட் வகை எழுத்துரு ஒன்று வேண்டும்.

## எழுதியதை எங்கே வைப்பது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது இல்லாமல் வேலை முடியாது. ஒரு ஆடி மாதம், காற்றில் கம்பி உரசி வோல்டேஜ் ஏறியதில் என் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. வேலைக் கோப்புகளுக்கு நகல் இருந்தது. மூன்று வருடமாக அந்தக் கணினியில் சேர்த்த ஷெல் அமைப்புக்கு நகல் இல்லை. புதுக் கணினியில் என் கை பழகிய நிலையைக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை தள்ளிப்போனது. அதன்பின் எல்லாமே கிட்டில்தான்.

வழிகள் மூன்று. டாட்ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு கிட்டில் சேர்த்து, குனூ ஸ்டோ என்ற நிரல் மூலம் ஹோம் ஃபோல்டரில் சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுவது முதல் வழி. ஒன்றிரண்டு கணினி வைத்திருப்பவருக்கு இது போதும், ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். இரண்டாவது, ஹோம் ஃபோல்டரையே பேர் ரெப்போ (bare repo) முறையில் கிட்டோடு இணைப்பது. கிட் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது வசதி. ஆனால் தெரியாமல் எல்லாவற்றையும் சேர் என்று ஒரு கட்டளை கொடுத்தால் வங்கி ஆவணம்வரை உள்ளே போய்விடும். எனக்கு அந்த ஆபத்து பிடிக்கவில்லை. மூன்றாவது ஷே-ம்வா (chezmoi) என்ற நிரல். வீட்டில் லினக்ஸ், ஆபீசில் மேக் என்று கணினிக்குக் கணினி சில வரி மாறவேண்டும் என்றால் அது தானே பார்த்துக்கொள்ளும், ரகசியங்களைக் குறியாக்கமும் செய்யும். பதிலுக்கு, கோப்பை அதன் வழியாகவே திருத்தும் பழக்கம் வேண்டும். நேராகத் திருத்திவிட்டு மறந்தால் இரண்டு பிரதிகளும் வெவ்வேறாகிவிடும்.

ரகசியம் என்றதும் ஒன்று. ஏபிஐ கீ (இணையச் சேவைகளை அணுகத் தரும் ரகசியச் சாவி), பாஸ்வேர்டு எதையும் பாஷ்ஆர்சியில் எழுதி கிட்டில் போடாதீர்கள். அடுத்த கமிட்டில் (கிட் பதிவில்) அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும். பொதுவில் போடப்பட்ட கீகளைத் தேடிக்கொண்டே திரியும் நிரல்கள் இருக்கின்றன. தெரியாமல் போட்டுவிட்டால் வரியை அழிப்பதோடு நிற்காமல் கீயையே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும். உள்ளூர்க் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்து, அது இருந்தால் மட்டும் படி என்று ஒரு வரி எழுதி, அந்தக் கோப்பை கிட் கண்ணில் படாமல் விலக்கிவிடுங்கள்.

## யாருக்கு எது

புளியரைத் தம்பிக்கு பாஷ். அவர் நாளில் முக்கால்வாசி சர்வர்களில் இருக்கிறார். லேப்டாப்பிலும் சர்வரிலும் ஒரே ஷெல் இருந்தால் கை தடுமாறாது. நாற்பது வரி பாஷ்ஆர்சி, ஸ்டோ, அவ்வளவுதான். அவருக்கு ஷெல்லைவிட அவசரமாகத் தேவைப்பட்டது, சர்வரிலேயே நம் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற நிரல். குகைக்குள் ரயில் போய் இணைப்பு அறுந்தாலும் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நிற்காது. ஆரியங்காவில் சிக்னல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தென்காசிப் பெண்ணுக்கு ஃபிஷ். அவர் கணினி ஒன்றுதான், கற்கும் காலம், கட்டளைகளைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். பாஷ் ஸ்கிரிப்ட் எழுதக் கற்பதை விடாதே, வேலைக்குப் போனால் அதுதான் வேண்டும் என்றும் சொன்னேன்.

மேக்கும் லினக்ஸும் மாறி மாறிப் பயன்படுத்துபவர், நாள் முழுக்கச் சொந்தக் கணினியில் நிரல் எழுதுபவர், ஒரு மாலை ஒதுக்கத் தயார் என்றால் கையால் எழுதிய இசட்-ஷெல். நான் இப்போது இருப்பது இதில்தான். ஓ-மை-இசட்-ஷெல்லில் ஏற்கெனவே இருந்து, திறக்கும் வேகமும் சரியாக இருந்தால் மாற வேண்டிய கட்டாயமில்லை. ப்ளகினை ஐந்துக்குள் வைத்து, புதுப்பிப்பைக் கையால் செய்யும்படி மாற்றிக்கொண்டால் போதும்.

மாற்றும் நாளில் ஒன்று செய்யுங்கள். கணக்கின் இயல்பு ஷெல்லை உடனே மாற்றாமல், டெர்மினல் நிரலின் அமைப்பில் மட்டும் புது ஷெல்லைத் திறக்கச் சொல்லி ஒரு மாதம் ஓட்டுங்கள். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வரியை மாற்றினால் பழையபடி ஆகிவிடும். கணக்கின் ஷெல்லையே மாற்றுவதென்றால், பழைய ஷெல்லோடு ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டு, புது ஜன்னலில் உள்நுழைய முடிகிறது என்று பார்த்த பிறகு பழையதை மூடுங்கள்.